துருசைச் சுட்டால் 4.1 வருகிறது. மிச்சத் தண்ணீர் எங்கே போனது?

ரீச்சர்_வட்டக்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிப் பக்கம் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் இல்லை, பலாப்பழம் வரும்.

நேற்று முதல் தடவையாகச் செய்முறை ஒன்றைக் கையிலெடுத்தோம். நீலச் செப்புச் சல்பேற்றை (நம்மூர்த் துருசு) புடக்குகையில் (சூடு தாங்குகிற சின்னக் கிண்ணம்) வைத்துச் சூடாக்கி, போன தண்ணீரின் நிறையைப் பார்த்து, ஒரு மூல் (துகள்களை எண்ணுகிற அலகு) உப்புக்கு எத்தனை மூல் பளிங்கு நீர், அதாவது பளிங்குக்குள்ளேயே அமர்ந்திருக்கிற தண்ணீர், என்று கண்டுபிடிப்பது. புத்தகத்தில் அரைப் பக்கம்தான்.

எங்கள் வாசிப்புகள் இவை. வெறும் புடக்குகை 24.31 கிராம். துருசோடு 26.82. மதுசார விளக்கில் பத்து நிமிடம் சுட்டு, மேசையில் ஆறவிட்டு நிறுத்தபோது 26.02.

ஆகவே போன தண்ணீர் 0.80 கிராம், மிஞ்சிய வெள்ளைத் தூள் 1.71. தண்ணீரை 18ஆலும் தூளை 159.6ஆலும் (ஒவ்வொன்றிலும் ஒரு மூலின் நிறை, கிராமில்) பிரித்து விகிதம் எடுத்தால் 4.1 வருகிறது. வரவேண்டியது 5. தராசு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்ன இலத்திரனியல் தராசு, நூறிலொரு கிராம் வரை காட்டும். துருசு நன்றாக வெள்ளையாகிவிட்டது, அதைப் பதினொரு பேரும் பார்த்தார்கள். பிறகு எப்படி ஒரு தண்ணீர் குறைந்தது?

உயர்தரம்_ஓடுபாதை

ரீச்சர், 5 என்று எழுதிவிட்டுப் போங்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதுதான் நடந்தது. ஒருவனுக்கு 4.4, எனக்கு 5.9. சேர் இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டி, "5க்கு வருமாதிரி வாசிப்பைத் திருத்தி எழுது" என்றார். திருத்தினோம். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

கச்சான்காற்று

தம்பி ஓடுபாதை, உங்கள் பள்ளிக்கூடத்துக் கதையைப் பிறகு பேசுவோம். முதலில் ரீச்சருடைய கணக்கைப் பார்ப்போம்.

நான் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவன். இந்தச் சோதனையில் ஆட்கள் விழுகிற முதலாவது குழி "வெள்ளையாகிவிட்டது" என்பதுதான். நிறத்தை நம்பாதீர்கள்.

துருசில் இருக்கிற ஐந்து தண்ணீரும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. நான்கு, செப்பு அயனைச் சுற்றி நேரே பிடித்திருப்பவை. ஐந்தாவது சல்பேற்றோடு ஐதரசன் பிணைப்பால் மாட்டியிருப்பது. சூடாக்கும்போது முதல் இரண்டும் 63 பாகை செல்சியஸ் அளவில் கிளம்பும். அடுத்த இரண்டும் 109 அளவில். கடைசி ஆள் 200 பாகை காணாமல் எழும்ப மாட்டார். நான்கும் போய் ஒன்று மட்டும் மிஞ்சிய உப்பே பார்வைக்கு ஏறக்குறைய வெள்ளைதான். பதினொரு பேரல்ல, நூறு பேர் பார்த்தாலும் வேறுபாடு பிடிபடாது.

இதில் இன்னொரு வேடிக்கை. "நாலு போய் ஒன்று மிஞ்சியிருந்தால் விடை 4 வரும்" என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வராது. மிஞ்சிய அந்தத் தண்ணீரின் திணிவை நீங்கள் நீரற்ற உப்பின் திணிவோடு சேர்த்து எண்ணிவிடுகிறீர்கள். மேலே இருப்பது குறைகிறது, கீழே இருப்பது கூடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3.6 வரும்.

ரீச்சரின் 2.51 கிராமில் முழுத் தண்ணீரும் 36.1 சதவீதம், அதாவது 0.91 கிராம். நான்கு மட்டும் போயிருந்தால் 0.72. உங்களுக்குக் கிடைத்தது 0.80. ஆக, ஐந்தாவதில் பாதிக்குக் கிட்ட மட்டும் போயிருக்கிறது. அல்லது எல்லாம் போய், மேசையில் ஆறுகிற நேரத்தில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. எத்தனை நிமிடம் ஆறவிட்டீர்கள்? நேற்று அங்கே மழையா?

ரீச்சர்_வட்டக்கச்சி

அண்ணை, கார்த்திகை மாதம் கேட்கிற கேள்வியா இது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. புடக்குகையை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.

கச்சான்காற்று

அப்படியென்றால் புடக்குகையும் குடித்திருக்கிறது.

நீரற்ற செப்புச் சல்பேற்று தண்ணீருக்குத் தவிக்கிற பொருள். ஒரு திரவத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவே அந்த வெள்ளைத் தூளைப் பாவிப்பார்கள், தண்ணீர் பட்டால் நீலமாகும். மாரிக்காற்றில் திறந்து வைத்தால் சும்மா இருக்குமா? நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். சுட்டு ஆறிய புடக்குகையைத் தராசிலேயே விட்டுவிட்டு, கடைசி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

ஆடி மாதக் கச்சானில், அந்தக் காய்ந்த காற்றில், இதே வேலையைச் செய்திருந்தால் இவ்வளவு மோசமாக இராது. ஆனால் அந்தக் காலத்துக்கு வேறு தொல்லை உண்டு. குளோபர் உப்பு என்கிற நீரேறிய சோடியம் சல்பேற்றை எடுங்கள். 32.4 பாகையிலேயே தன் பளிங்கு நீரில் தானே கரையத் தொடங்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால் மத்தியானம் போத்தலுக்குள்ளே கஞ்சி மாதிரி நிற்கும். சலவைச் சோடாவும் அந்தச் சூட்டுக்குக் கிட்டத்தான் குலைகிறது. காய்ந்த காற்றில் திறந்து வைத்தால் பளிங்கெல்லாம் மாப்பூசினதுபோல உதிரும். புத்தகத்தில் பத்துத் தண்ணீர் என்று போட்டிருக்கும், போத்தலில் எத்தனை இருக்கிறதென்று போத்தலைத்தான் கேட்க வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைகளை எங்கள் வெயிலில் செய்கிறபோது இதெல்லாம் வரும்.

ரீச்சர்_வட்டக்கச்சி

சொன்னபடி தராசில் விட்டுப் பார்த்தோம். கண்ணுக்கு முன்னாலேயே கடைசி இலக்கம் ஏறியது. ஒரு பிள்ளை "ரீச்சர், தராசு பழுது" என்றாள். வெறும் புடக்குகையை வைத்துப் பார்த்தோம், அசையவில்லை. அதற்குப் பிறகுதான் வகுப்பு அமைதியானது.

சரி, விளக்கின் சூடு போதவில்லைப் போல என்று இரண்டாம் தடவை வீட்டுக் காஸ் அடுப்பைக் கொண்டுவந்து முழுச் சுவாலையில் வைத்தோம். 2.50 கிராம் எடுத்தோம், 0.98 போய்விட்டது. விடை 5.7! அதோடு புடக்குகையின் அடியில் கறுப்பாக ஒரு வளையம். மூக்கைக் கரிக்கிற ஒரு மணமும் வந்தது, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டேன். இப்போது தண்ணீர் கூடிவிட்டது. எங்களுக்கு 5ஐக் கண்ணில் காட்டவே மாட்டாதாம்.

கச்சான்காற்று

பிள்ளைகளை வெளியே அனுப்பியது மிக நல்ல வேலை. கறுப்பு வளையம் செப்பு ஒட்சைட்டு. 560, 600 பாகை என்று அடி சிவக்கச் சுட்டால் தண்ணீர் போய் முடிந்தபின் உப்பே உடையத் தொடங்கும். சல்பேற்றுக்குள் இருந்த கந்தகம் ஒட்சைட்டு வாயுவாகக் கிளம்பும். நீங்கள் மணந்தது அதுதான், நெஞ்சுக்குக் கூடாது. அந்த வாயுவின் திணிவையும் தண்ணீர்க் கணக்கில் எழுதினால் விடை 5ஐத் தாண்டாமல் என்ன செய்யும்?

இன்னும் இரண்டு வழியால் கூடும். ஒன்று, எடுத்த எடுப்பிலேயே பெருஞ்சூடு கொடுத்தால் பளிங்குகள் படபடவென்று தெறித்து மூடிக்கு வெளியே போகும். ஒரு நீலப் பொட்டு மேசையில் கிடந்தால் அதுவும் உங்கள் கணக்கில் தண்ணீர். மற்றது, புடக்குகை ஆறமுன் நிறுப்பது. சுடுகாற்று மேலே எழும்பித் தட்டை லேசாகத் தூக்கும், தராசு குறைத்துக் காட்டும். தம்பி ஓடுபாதைக்கு 5.9 வந்ததென்றால் அவர் ஏதோ ஒன்றைத் தெறிக்க விட்டிருப்பார், அல்லது சுடச்சுட நிறுத்திருப்பார்.

உயர்தரம்_ஓடுபாதை

சுடச்சுடத்தான் நிறுத்தேன். அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது.

முல்லைக்கடல்

நான் படித்த ஆள் இல்லை. றேடியோ, ரீவி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், சீசனுக்குக் கடலுக்கும் போவேன். ஆனால் இந்த இழையை மூன்று நாளாக விடாமல் வாசிக்கிறேன்.

ஒன்று விளங்கியது. 200 பாகைக்கு மேலே போக வேண்டும், 560க்குக் கிட்டவே போகக்கூடாது. அந்தச் சூட்டை அளக்கிற வெப்பமானி ரீச்சரிடம் இல்லை, சரிதானே?

வெப்பமானி என்னத்துக்கு. பட்டறையில் ஒட்டுகிற ஈயக்கம்பி இருக்கிறதே, தகரமும் ஈயமும் அறுபதுக்கு நாற்பது கலந்தது, அது 183இல் இளகத் தொடங்கி 190இல் முழுதாகத் தண்ணீராகிவிடும். வலைக்குக் கட்டுகிற ஈயமணி வெறும் ஈயம், அது 327இல்தான் உருகும். ஒரு ரின்னில் ஆற்றுமணலை நிரப்பி அடுப்பில் வையுங்கள். புடக்குகையை மணலில் பாதிக்குப் புதையுங்கள். பக்கத்தில் சோடா மூடி இரண்டை அதே ஆழத்துக்குப் புதைத்து, ஒன்றில் ஒட்டுக்கம்பித் துண்டு, மற்றதில் வலை ஈயத்துண்டு. கம்பி உருண்டு முத்தாகிவிட வேண்டும், ஈயம் அப்படியே கிடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அடுப்பைப் பிடித்து வைத்தால் சரி.

கச்சான்காற்று

இதை வாசித்துவிட்டு எழும்பி நின்று கை தட்டினேன், வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணை, ஆய்வுகூடத்தில் இதையே மணல்தொட்டி என்று பெயர் வைத்து விலைக்கு வாங்குவோம். ஒரேயொரு திருத்தம்: இப்போது ஈயம் கலக்காத ஒட்டுக்கம்பியும் வருகிறது. அது 217க்கு மேலேதான் உருகும். எங்கள் வேலைக்கு அது இன்னும் நல்லது.

நெறியாளர்

இழை நல்லபடி போகிறது, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சில வார்த்தை. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடக்கூடாது, யன்னலைத் திறந்து வைக்க வேண்டும். துருசு நஞ்சு, சமையலுக்கு எடுக்கிற கரண்டி, சட்டி எதையும் இதற்குப் பாவிக்க வேண்டாம். மிச்சத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். செப்பு மிகக் கொஞ்சமாக இருந்தாலே மீனுக்கு ஆகாது, உங்கள் வாய்க்கால் குளத்துக்குத்தான் போகிறது. போத்தலில் சேர்த்து வையுங்கள். தண்ணீர் விட்டுக் கரைத்து வற்றவிட்டால் அதே துருசு திரும்பவும் பளிங்காகும், அடுத்த வகுப்புக்கு உதவும்.

பளைத்தேங்காய்

பளை வன்னியா யாழ்ப்பாணக் குடாநாடா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கிளிநொச்சி மாவட்டம்தானே.

துருசைப் பற்றி எனக்குத் தெரிந்தது பயிரின் பூஞ்சண நோய்க்குத் தெளிக்கிற போர்டோக் கலவை மட்டும். ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லீற்றர் தண்ணீர். என் கேள்வி வேறு. தென்னை ஓலை மஞ்சளாகிறது, மகனீசியம் குறைவு என்கிறார்கள். கடையில் ஒருவர் எப்சம் உப்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் கீசரைற்று போடச் சொல்கிறார். இரண்டும் மகனீசியம் சல்பேற்றுத்தானாம். பிறகு ஏன் கீசரைற்று விலை கூட? ஏமாற்றுகிறார்களா?

கச்சான்காற்று

ஏமாற்றவில்லை. இந்த இழையே உங்கள் கேள்விக்குத்தான் ஓடுகிறது என்று வையுங்கள்.

எப்சம் உப்பில் மகனீசியம் சல்பேற்று ஒன்றுக்கு ஏழு தண்ணீர். கீசரைற்றில் ஒன்றுக்கு ஒன்று. எப்சத்தில் 51 சதவீதம் தண்ணீர், அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்தால் 25 கிலோவுக்கு மேல் தண்ணீரைத்தான் சுமக்கிறீர்கள். சுத்தமான கீசரைற்றில் 13 சதவீதம். மகனீசியமாகப் பார்த்தால் எப்சத்தில் 9.9 சதவீதம், கீசரைற்றில் 17.6. கடையில் கிடைப்பது கலப்பு உள்ளது, இதிலும் கொஞ்சம் குறையும். ஆகவே மூட்டை விலையை ஒப்பிடாதீர்கள், ஒரு கிலோ மகனீசியம் எவ்வளவுக்கு விழுகிறது என்று பாருங்கள். எப்சம் உடனே கரையும், இலைக்குத் தெளிக்கவும் ஆகும். கீசரைற்று மெல்லக் கரையும், மரத்தடியில் போட்டு மழைக்கு விடலாம். அவசரம் இல்லையென்றால் இரண்டையும்விட டொலமைற்று (மகனீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) மலிவு, ஆனால் மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் அதைப் போடாதீர்கள்.

மூட்டைக்குள் இருப்பது எதுவென்று சந்தேகமா? முல்லைக்கடல் அண்ணையின் மணல் ரின்தான். எப்சம் என்றால் சூட்டில் முதலில் தன் தண்ணீரிலேயே இளகிக் கொதித்து, பிறகு காயும். அதன் ஏழாவது தண்ணீர் பிடிவாதக்காரர், 200க்கு வெகு மேலே போனால்தான் அசைவார். ஆறு போனாலே 44 சதவீதம் குறைந்துவிடும். கீசரைற்று அந்தச் சூட்டில் அநேகமாக அசையாது. ஆக, பாதிக்குக் கிட்டக் குறைந்தால் எப்சம், இருந்தபடி இருந்தால் மற்றது. இதற்கு நகைக்கடைத் தராசுகூடத் தேவையில்லை.

எப்சம் என்றதும் ஒரு கதை. இங்கிலாந்தில் எப்சம் என்கிற ஊரில் 1618 வறட்சியில் ஒரு மாட்டுக்காரர் கிடங்கில் தண்ணீர் கண்டு மாடுகளை விட்டாராம். தாகத்தில் நின்ற மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டனவாம், அவ்வளவு கைப்பு. பிறகு அந்தத் தண்ணீரை வற்றவைத்துப் பேதிமருந்தாக்கிக் காசு பார்த்தார்கள். எங்கள் மாடுகளும் சும்மா ஆட்கள் இல்லை, உவர்க் கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள்.

பளைத்தேங்காய்

25 கிலோ தண்ணீரையா லொறிக்கூலி கொடுத்து ஏற்றினேன்! சரி, இன்னும் ஒன்று. ஆனையிறவு உப்பளம் எனக்குப் பக்கம். கறி உப்பும் மாரியில் ஒழுகுகிறது. அதையும் இப்படிச் சுட்டால் எத்தனை தண்ணீர் என்று வருமா?

கச்சான்காற்று

வராது. சோடியம் குளோரைட்டுப் பளிங்கில் கணக்காய் அமர்ந்த தண்ணீர் கிடையாது. உப்பைத் தணலில் போட்டால் வெடிக்குமே, அது வளரும்போது உள்ளே அடைபட்ட உப்புநீர்த் துளி ஆவியாகி உடைக்கிற சத்தம். அதற்குச் சூத்திரம் எழுத முடியாது, பளிங்குக்குப் பளிங்கு வேறாக இருக்கும்.

மாரியில் ஒழுகுவது பெரும்பாலும் கூட வந்த மகனீசியம் குளோரைட்டால். காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்பைக் குவித்துக் கொஞ்சக் காலம் கசியவிடுவது அதைக் கழிப்பதற்குத்தான். அந்த மகனீசியம் குளோரைட்டிலும் ஆறு தண்ணீர் உண்டு. ஆனால் ரீச்சர், அதை இந்தச் சோதனைக்கு எடுத்துவிடாதீர்கள். சுட்டால் தண்ணீர் தனியே போகாது, உப்பையும் உடைத்து ஐதரசன் குளோரைட்டாகக் கிளம்பும். எவ்வளவு கவனமாய் நிறுத்தாலும் விடை பொய்தான். சுட்டு நிறுக்கிற முறை தண்ணீரை மட்டும் விடுகிற உப்புக்கே சரி. துருசு, எப்சம், உப்பளப் பாத்தியில் கறி உப்புக்கு முன்னாலேயே படிகிற ஜிப்சம், இவை நல்ல பிள்ளைகள். ஜிப்சத்தில் இரண்டு தண்ணீர், 20.9 சதவீதம். 150 பாகை அளவில் ஒன்றரை போய் அரை மிஞ்சினால் அதுதான் கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற பிளாஸ்டர் மா. தண்ணீர் விட்டதும் இறுகிச் சூடாவது அந்த ஒன்றரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதால்.

பாலம்பிட்டியான்

வணக்கம். கன காலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்.

நான் உயர்தரம் படித்தது 1997இல், இடம்பெயர்ந்து வந்த இடத்தில் மரத்துக்குக் கீழே. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், மெழுகுதிரி, பற்றரி, எதற்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி விட்டுத்தான் இரவில் படிப்பு. எங்கள் இரசாயனவியல் சேர் பெனிசிலின் குப்பி ஒன்றில் ஒரேயொரு துருசுப் பளிங்கு வைத்திருந்தார். பருப்பளவு. அதைக் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொல்லுவார். "இதைச் சுட்டால் வெள்ளையாகும், மாறாத் திணிவு வரும்வரை திரும்பத் திரும்பச் சுட வேண்டும்" என்று சொல்லித் திரும்பக் குப்பியில் போட்டுவிடுவார். சுட்டால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இராது என்று அவருக்குப் பயம்.

சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தேன். மாறாத் திணிவு என்றால் என்னவென்று இப்போதும் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். துருசு வெள்ளையானதை இன்றுவரை பார்த்ததில்லை.

தம்பி ஓடுபாதை, 5.9 என்று உங்கள் கையில் ஒரு இலக்கம் வந்ததே, அதை ஏன் வெட்டவிட்டீர்கள்?

உயர்தரம்_ஓடுபாதை

ஐயா, வெட்டினது சேர். நான் இல்லை. ஆனால் திருத்தி எழுதினது நான்தான். புள்ளி குறையுமென்று பயம். பழைய வாசிப்புகள் கொப்பியின் பின்பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன, இரண்டு நாளைக்கு முன் எடுத்துப் பார்த்தேன். தூளின் நிறம் என்ற இடத்தில் "வெள்ளை" என்று எழுதியிருக்கிறேன், கறுப்பு இல்லை. அப்போ உப்பு உடையவில்லை, சுடச்சுட நிறுத்ததும் தெறித்ததும்தான். இதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோசம் பத்துக்குப் பத்து வாங்கினபோது வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரீச்சர்_வட்டக்கச்சி

மூன்றாம் தடவை. பொறுமையாக எழுதுகிறேன்.

முதலில் வெறும் புடக்குகையையே மணலில் பத்து நிமிடம் சுட்டு ஆறவைத்து நிறுத்தோம், அதன் உடம்பிலும் ஈரம் இருக்குமாமே. 24.31, மாற்றமில்லை. துருசை உரலில் இட்டுத் தூளாக்கினோம், தெறிப்பது குறையும் என்று. துருசோடு 26.81. மூடியைக் கொஞ்சம் சரித்து வைத்தோம். மெல்லிய சூடு, பிறகு கூட்டினோம். ஒட்டுக்கம்பி முத்தாக உருண்டது, வலை ஈயம் அசையவில்லை. பிள்ளைகள் துருசைப் பார்த்ததைவிட அந்தச் சோடா மூடிகளைத்தான் பார்த்தார்கள்.

ஆறவைக்க உலர்த்தி (ஈரம் படாமல் ஆறவிடுகிற மூடிய பாத்திரம்) இல்லை. மூடி இறுக்கமான பால்மா ரின் ஒன்றின் அடியில் நீறாத சுண்ணாம்பைப் பரப்பி, மேலே ஓட்டுத் துண்டு வைத்து, அதில் புடக்குகை. சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்காப் பொட்டலங்களையும் ஒரு பிள்ளை சேர்த்துக் கொண்டுவந்தான், தாச்சியில் வறுத்துப் போட்டோம். கையால் தொடவில்லை, இடுக்கிதான்.

முதலாம் தடவை சுட்டு ஆறியபின் 26.00. இரண்டாம் தடவை 25.94. மூன்றாம் தடவை 25.92. நான்காம் தடவை 25.92.

நான்காவது வாசிப்பு அதேயாக வந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. பாலம்பிட்டி ஐயா, மாறாத் திணிவு என்று கரும்பலகையில் நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன். அது இரண்டு இலக்கம் ஒன்றாக நிற்கிறது என்பதுதான், வேறொன்றும் இல்லை.

போனது 0.89 கிராம். மிஞ்சியது 1.61. விடை 4.90.

உயர்தரம்_ஓடுபாதை

இன்னும் 5 இல்லையே ரீச்சர்!

கச்சான்காற்று

தம்பி, அவருடைய தராசு நூறிலொரு கிராமுக்குக் கீழே குருடு. 0.89 என்று அது சொன்னால் உண்மை 0.88ஆகவும் இருக்கலாம், 0.90ஆகவும் இருக்கலாம். 0.90 என்று வைத்துப் பாருங்கள்: மிஞ்சியது 1.60, விடை 4.99. ஒரேயொரு இலக்கம் அசைந்தால் விடை 0.09 அசைகிறது. 4.9 என்று எழுதி, 0.1 அங்கே இங்கே போகலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். பளிங்கில் தண்ணீர் முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 4ம் இல்லை 6ம் இல்லை, 5தான். அந்த 5ஐ அடுத்த வரியில் எழுதுங்கள், வாசிப்பு வேறு முடிவு வேறு. எண்ணை நெருக்கமாக்க வேண்டுமென்றால் 2.50 கிராமுக்குப் பதில் 5 கிராம் எடுங்கள், அசைவு பாதியாகும். ஆனால் கூடத் தூள் என்றால் கூட நேரம், காஸ் விலை தெரியும்தானே.

முல்லைக்கடல்

என் வலை ஈயம் உருகவில்லைத்தானே, அது போதும் எனக்கு. திருப்பித் தாருங்கள், வலைக்குத் தேவை.

பாலம்பிட்டியான்

ரீச்சர், தப்பாக நினைக்காவிட்டால் ஒரு கேள்வி. அடுத்த தடவை செய்கிறபோது வயசானவன் ஒருவன் வந்து பின்வாங்கிலில் இருந்து பார்க்கலாமா?

ரீச்சர்_வட்டக்கச்சி

ஐயா, என்ன இப்படிக் கேட்கிறீர்கள். சனிக்கிழமை இரண்டு மணி. பின்வாங்கில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில். மழை என்றால் ஒழுங்கை வெள்ளம், பிரதான வீதியில் நின்று தகவல் போடுங்கள், பிள்ளைகள் சைக்கிளோடு வருவார்கள்.

பாலம்பிட்டியான்

சனிக்கிழமை போனேன். சைக்கிளில்தான் ஏற்றிப் போனார்கள்.

ரீச்சர் எனக்காக ஒரு பளிங்கைத் தூளாக்காமல் தனியே வைத்திருந்தார். பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. மூடி போடாமல், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுட்டார். வெள்ளை விளிம்பில் தொடங்கி உள்ளே போகிறது. ஒரேயடியாக மாறுவதில்லை, நடுவில் கொஞ்ச நேரம் நீலம் நிற்கிறது. பிறகு அதுவும் போனது. கூடவே சின்னச் சின்னச் சத்தம், நண்டு நடக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தை எங்கள் சேர் சொல்லவில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டாரோ தெரியாது.

ஆறினபின் ஒரு பிள்ளை அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, குழாயால் ஒரு துளி தண்ணீர் விடச் சொல்லி என்னிடம் தந்தாள். விட்டேன். சீறிக்கொண்டு நீலமானது. கண்ணாடிக்குக் கீழே பிடித்திருந்த விரல் சுட்டுவிட்டது. சுடுமென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.